மலையேறிய எஞ்சினும் ராமையாவின் பெட்ரோலும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுத்தரப் பணிமனையில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே கற்றுத்தருவார்கள். அதில் நான் தலையிடப்போவதில்லை. நான் சொல்ல விரும்புவது, நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வரிகளைப் பற்றி. நம் மேசையிலிருந்து புறப்படும் ஒரு வரி, நாம் பார்த்திராத ஊரில், நாம் அறியாத ஒருவருடைய பிழைப்பின்மேல் போய் விழுகிறது. அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி, அறுபதுகளின் தொடக்கத்தில் என் முன்னால் வந்து நின்றது.

அப்போது நிறுவனத்தின் அலுவலகம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. பணிமனை காலாங் ஆற்றோரத்தில். படகின் பின்புறத்தில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு எஞ்சின்களை விற்பதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். நான் இயற்பியல் பட்டம் பெற்று, வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். உடன் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் ஆகியிருந்தார்கள். தேநீர்க்கடையில் என்னைக் கண்டால், “என்னப்பா, டிகிரி வாங்கிட்டுப் படகுக்கு எண்ணெய் போடுறியா?” என்று கேட்பார்கள். “ஆமா, உங்க பைலுக்கும் கொஞ்சம் போடட்டுமா? நகரவே மாட்டேங்குதே” என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

பணிமனைத் தலைவர் நாகூர்ப் பக்கத்துக்காரர். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். அவர் வகுத்த வழக்கம் ஒன்று அங்கே சட்டம்போல் இருந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு எஞ்சினையும் முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய எண்ணெய் டிரம்மின் விளிம்பில் மாட்டுவார். கயிற்றை இழுத்து ஓடவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை ஆற அமரக் குடித்து முடிப்பார். எஞ்சின் ஒருமுறைகூட இருமாமல் ஓடியிருந்தால் அதன் தலைமூடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. நானாவின் கோடு விழுந்த எஞ்சின் என்றால் சாங்கி மீனவர்கள் மறுகேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கோட்டோடு ஓர் எஞ்சின் மலாயாவின் நடு மலைத்தொடரிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே மலைகளுக்கிடையே பரந்த ஓர் ஏரி. தோட்டத்துக் குடியிருப்பும் மருந்தகமும் ஒரு கரையில். சாலையும் மருத்துவமனைக்குப் போகும் வழியும் எதிர்க்கரையில். நோயாளிகளையும் அரிசி மூட்டைகளையும் கொண்டுசெல்ல நிர்வாகம் ஒரு படகு வாங்கி, எங்கள் எஞ்சினை மாட்டி, ராமையா என்ற தொழிலாளியை ஓட்டுநராக வைத்திருந்தது.

விரைவிலேயே புகார் வந்தது: பெட்ரோல் கணக்கிட்டதைவிட இரட்டிப்பாகச் செலவாகிறது. எஞ்சினை இறக்கி அனுப்பினார்கள். நானா டிரம்மில் ஓட்டினார். காலாங்கில் படகில் மாட்டியும் ஓட்டினார். குறை ஒன்றுமில்லை. கோடு போட்டுத் திருப்பி அனுப்பினோம். மீண்டும் அதே புகார்; மீண்டும் எஞ்சின் இறங்கி வந்தது; மீண்டும் தேநீர், மீண்டும் கோடு.

மூன்றாம் முறை எஞ்சின் வரவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் வந்தது. எஞ்சினில் குறையில்லை என்று தாங்களும் நம்புவதாகவும், அதை எழுத்தில் தந்தால் மாத முடிவில் ஓட்டுநரை நீக்கிவிடப்போவதாகவும் தோட்டத்தார் தெரிவித்தார்கள். தலைமை எழுத்தர், தோட்டத்து வழக்கில் பெரிய கிராணி, தாமே படகை ஓட்டிப் பார்த்தாராம். அவருக்குச் சிறிதளவு பெட்ரோலே செலவாயிற்றாம். ஆகவே மீதியை ராமையா விற்கிறான் என்பது முடிவு.

எங்கள் நிறுவன மேலாளர் ஒற்றை வரியைத் தட்டச்சு செய்து என் முன்னால் வைத்தார்: ‘எஞ்சினில் குறை எதுவும் இல்லை.’

அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தபோது ஓர் எண்ணம் என் கையைப் பிடித்தது. எஞ்சின் குற்றமற்றது என்று நாங்கள் ஒவ்வொரு முறை நிரூபித்தபோதும் ஒரு மனிதன் குற்றவாளியாக நிரூபிக்கப்பட்டுக்கொண்டிருந்தான். அந்த எஞ்சினை அது வேலை செய்யும் இடத்தில் நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேலை போனால் தோட்டத்தில் வீடும் போகும். திருடன் என்ற பெயரோடு வெளியேறும் குடும்பத்தை அடுத்த தோட்டமும் சேர்க்காது.

பணிமனைக்கு நடந்தேன்.

“நானா, அந்த மலை இஞ்சின்ல ஒரு சந்தேகம்.”

“என்ன சந்தேகம்? என் டிரம்முல பூனைக்குட்டி மாதிரி ஓடுச்சு. இஞ்சின் பொய் சொல்லாது லா, தம்பி. மனுசன்தான் சொல்லுவான்.”

“நம்ம டிரம்மு கடலோரத்துல இருக்கு.”

“தண்ணி எங்கேயும் தண்ணிதானே?”

“நான் தண்ணியச் சொல்லல நானா. காத்தைச் சொல்றேன்.”

“காத்தா? மலையில காத்துக்கா பஞ்சம்? குளுகுளுன்னு அடிக்கும்ன்னுல்ல பணக்காரன்லாம் அங்க போறான்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்; நானும்தான். பிறகு விளக்கினேன். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கும் காற்று குறைகிறது. ஆனால் பெட்ரோல் வரும் வழியோ, ஜெட் என்று நாம் சொல்லும் துளையிட்ட பித்தளைத் திருகு. அதன் துளை கடல்மட்டக் காற்றுக்கு அளந்து போடப்பட்டது. காற்றுக் குறைந்தால் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்க அதற்குத் தெரியாது. எரியாத பெட்ரோல் புகையாகப் போகும், வலுவும் குறையும்.

நானா தாடியைத் தடவினார். “அதுக்காக ரெட்டிப்பாவா குடிக்கும்?”

என் கணக்கிலும் இரட்டிப்பு வரவில்லை. “போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன்.

மேலாளர் தயங்கினார். நாங்கள் நேரம் கேட்டால் குறை எங்களுடையது என்று பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நினைத்துவிடுவார் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். முடிவில், “போய் வாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அங்கேயே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்” என்று அந்தத் தாளையும் என்னிடமே தந்தார்.

புறப்படும்போது நானா ஒரு சிறிய புகையிலை டப்பியை நீட்டினார். உள்ளே பல துளை அளவுகளில் ஜெட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி. “நீ சொல்றதை நான் ஒத்துக்கல. ஆனா வெறுங்கையோட போகாதே.” கருத்தில் ஒப்பாதவனையும் கருவியோடு அனுப்பத் தெரிந்தவர் அவர். மேலதிகாரியாகும் காலத்தில் இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

தஞ்சோங் பகாரில் ரயிலேறி, பிறகு லோரியில் வளைந்து வளைந்து மலைக்குப் போய், சாலைக் கரையில் இறங்கினேன். மூட்டம் தண்ணீரின்மேல் தங்கியிருந்தது. என்னை ஏற்றிப்போக வந்தவன் ராமையாவேதான். ஒல்லியான ஆள், வணக்கம் சொன்னதற்குமேல் பேசவில்லை. கரையில் காத்திருந்த அரிசி மூட்டைகள் ஏறின; மருந்துப் பெட்டி ஏறியது; நானும் ஏறினேன்.

ஏரியின் நடுவை எட்டும் முன்பே நானாவின் கேள்விக்கு விடை தெரியத் தொடங்கியது. இந்த வகைப் படகு, வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கி, பிறகு சமப்பட்டு, தண்ணீரின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். காலாங்கில் அப்படித்தான் ஓடும். இங்கே அது மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. எஞ்சின் முழு வேகத்தில் கதறிக்கொண்டிருக்க, படகு ஏர்போலத் தண்ணீரை உழுதுகொண்டிருந்தது. குறைந்த வலு, சுமையைத் தூக்கி நிறுத்தப் போதவில்லை. எழும்பாத படகு அதே தூரத்துக்கு அதிக நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் எஞ்சின் முழு வாயால் குடிக்கும். என் கணக்கில் விட்டுப்போன பாதி அதுதான்.

கரையில் பெரிய கிராணி நின்றிருந்தார். பருத்த உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் பெட்ரோல் அளக்கும் மரக்குச்சி. அவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

“சிங்கப்பூர்லேர்ந்து வந்தவுகளா? வாங்க ஐயா. நான் ராமையா பொண்டாட்டி, பாக்கியம். எங்க வீட்டுல பெட்ரோல் ஊத்தித்தான் குழம்பு வைக்கிறோமாம். வந்து மோந்து பாருங்க.”

“சும்மா இரு புள்ள” என்றான் ராமையா.

“நீ சும்மா இருந்து இருந்துதானே இந்த நெலமைக்கு வந்துச்சு!”

நான் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி போலிருந்தது. பிறகு கிராணியிடம் கேட்டேன்.

“நீங்க ஓட்டிப் பாத்தப்போ படகுல யார் யார் இருந்தாங்க?”

“நான் மட்டும்தான் சார். வேற ஆள் இருந்தா கணக்கு சுத்தமா வராதில்ல?”

“மூட்டை?”

“ஒண்ணும் இல்ல.”

“அதான் எழும்பி ஓடியிருக்கு. சுமை ஏறினா எழும்பல.”

கிராணி கெட்டவர் அல்லர். தாமே படகேறிச் சோதித்தவரை அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் நானாவைப்போலவே அவரும் நேர்மையாகச் சோதித்தார். இருவருமே, வேலை நடக்கும் நிலைமையைவிட்டு விலகி நின்று சோதித்தார்கள். ஆனாலும் அவர் எளிதில் விடவில்லை. “இவன் வேணும்னே மெதுவா ஓட்டலாம்ல?” என்றார். சுமையோடு நானே ஓட்டிக் காட்டினேன், அப்போதும் எழும்பவில்லை. “நீங்க கம்பெனி ஆளு. உங்க இஞ்சினைப் பத்தி நீங்க சொல்றதை நான் எப்படி நம்புறது? சரிபண்ணிக் காட்டுங்க சார், நம்புறேன்” என்றார். கேட்டது முறைதான்.

மறுநாள் காலை படகுத்துறைப் பலகையில் கோணிச்சாக்கை விரித்து, கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். நானாவின் டப்பி திறந்திருந்தது. என் கணக்குப்படி, பழையதைவிட இரண்டு படி சிறிய துளையுள்ள ஜெட் அந்த உயரத்துக்குப் பொருந்த வேண்டும். அதைக் கையில் எடுத்த நேரத்தில், குடியிருப்புப் பக்கமிருந்து ஆட்கள் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் டிரெஸர், தோட்ட மருந்தகத்தின் மருத்துவ உதவியாளர்.

“தலைப்பிரசவம் சார். பிள்ளை குறுக்கே கெடக்கு. என்னால ஆகாது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும். படகு எப்ப ரெடியாகும்?”

படகு ஒன்றே, எஞ்சின் என் முன்னால் துண்டு துண்டாக.

அந்த நிமிடங்களை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய ஜெட்டையே பூட்டினால் எஞ்சின் பழுதாகாது. ஆனால் படகு உழுதுகொண்டுதான் போகும், கரிபிடித்த பிளக் நடு ஏரியில் அணைந்தும் போகலாம். என் கணக்கு காட்டிய ஜெட்டைப் பூட்டினால் வேகம் கிடைக்கலாம். ஆனால் அது தாளில் போட்ட கணக்கு, ஓட்டிப் பார்த்ததல்ல. துளை தேவைக்கும் சிறிதாக இருந்துவிட்டால் எஞ்சின் உள்ளே சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் ஏரி நடுவில் நின்றுவிடுவாள். நான் இரண்டுக்கும் நடுவிலிருந்த ஜெட்டை எடுத்தேன். அது முழுப்பலன் தராது என்று எனக்குத் தெரியும். கெடுதல் செய்யாது என்பதும் தெரியும். நெருக்கடியில் மிகச் சரியான விடையைத் தேடாதீர்கள். தவறிப்போனாலும் பிறர் தாங்கிக்கொள்ளக்கூடிய விடையைத் தேடுங்கள்.

ஜெட் தராத மிச்சத்தைச் சுமை தர வேண்டும். சோதனைக்காகப் படகில் விட்டிருந்த மூட்டைகளை இறக்கச் சொன்னேன். பிளக்கைத் துடைத்துப் பூட்டினேன். அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள்; டிரெஸர் ஏறினார். “ஒரு பொம்பள கூட வரணும்” என்றார். பாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கிராணியும் அளவுக்குச்சியோடு ஒரு காலைத் தூக்கினார்.

“நானும் வர்றேன் சார். போக வர எவ்வளவு ஆகுதுன்னு...”

“ஐயா, நீங்க ஏறினா படகு எழும்பாது.”

அவர் தம் வயிற்றைக் குனிந்து பார்த்தார், காலை இறக்கிக்கொண்டார்.

ஓட்டுவது யார் என்ற கேள்வி மிஞ்சியது. எஞ்சினை அறிந்தவன் நான். ஏரியை அறிந்தவன் ராமையா. தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள் எங்கே நிற்கின்றன என்று மூட்டத்திலும் அவனுக்குத் தெரியும். இருவரும் ஏறினால் சுமை கூடும். நான் கரையில் நின்றுகொண்டேன்.

“ராமையா, சத்தத்தைக் கவனிச்சுக்கிட்டே போங்க. திடீர்னு கீச்சுன்னு மாறுச்சுன்னா வேகத்தைக் குறைச்சிடுங்க. துடுப்பு ரெண்டும் உள்ள இருக்கு.”

“சரிங்க ஐயா.”

“பயமா இருக்கா?”

“பெட்ரோல் பத்துமான்னுதாங்க பயம். கிராணி ஐயா அளந்துதானே ஊத்துவாரு.”

கிராணி கொட்டகைக்குப் போய் ஒரு டின்னைத் தூக்கிவந்தார். அளக்காமல் டாங்கு விளிம்புவரை ஊற்றினார். “போ” என்றார்.

படகு மூக்கைத் தூக்கியது. எங்களைவிட்டு விலகி, மூக்கைத் தூக்கியபடியே உழுதுகொண்டு போயிற்று. பிறகு அந்த மூக்கு மெல்லத் தாழ்ந்தது. பின்னால் குவிந்திருந்த அலை தட்டையாயிற்று. எஞ்சினின் கதறல் சீரான இரைச்சலாக மாறிற்று. படகு தண்ணீரின்மேல் ஏறிவிட்டது. கிராணி என் தோளைப் பிடித்தார். “எழும்பிடுச்சு சார்! பாருங்க சார், எழும்பிடுச்சு!” அவர் சட்டையெல்லாம் பெட்ரோல் வாசம்.

படகு திரும்பி வந்தபோது ராமையாவும் பாக்கியமும் மட்டும் இருந்தார்கள். தாய்க்கு அறுவை செய்து பிள்ளையை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். இருவரும் பிழைத்த செய்தி மாலையில் வந்தது. கிராணி அதற்கெல்லாம் முன்பே குச்சியை டாங்குக்குள் விட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியில் ஈரம் அவர் எதிர்பார்த்ததற்கு மிகவும் மேலே நின்றது.

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். “என்னங்க கிராணி ஐயா, அப்புடிப் பாக்குறீங்க? திருடுற ஆளு போற வழியில டாங்குல பெட்ரோலைக் கூட்டி வச்சிட்டானா?”

“போதும் புள்ள” என்றான் ராமையா. ஆனால் இந்த முறை அவன் சிரித்தான்.

கிராணி குச்சியைத் துடைத்தார். “நான் புடிச்ச அளவும் பொய்யில்ல சார்” என்றார்.

“பொய்யில்ல ஐயா. யாருமே பொய் சொல்லல.”

அன்று பிற்பகலே அவர் தம் கண்ணால் கண்டதைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் நேரில் சொல்லிவிட்டார். யாரும் கேட்காமல் அவராகவே போய்ச் சொன்னார் என்பதை இங்கே குறிப்பிடுவது என் கடமை.

அடுத்து வந்த நாட்களில் என் கணக்கு காட்டிய ஜெட்டையும் பூட்டி, முழுச்சுமையோடு ஓட்டிப் பார்த்து, அது பாதுகாப்பானது என்று உறுதிசெய்துகொண்டேன். சுமையை இன்னும் எளிதாகத் தூக்கக்கூடிய வேறொரு சுழல்விசிறியைச் சிங்கப்பூரிலிருந்து அனுப்ப ஏற்பாடாயிற்று. பழைய ஜெட்டை ராமையாவின் கையில் கொடுத்து, “இதைப் பத்திரமா வச்சிருங்க. இஞ்சின் எப்பவாச்சும் கீழ எறங்குனா இதைத்தான் மாட்டணும். மலை ஜெட்டோட கடலோரத்துல ஓட்டுனா வெந்துபோயிடும்” என்றேன். அவன் தலையாட்டி, வேட்டி முனையில் முடிந்துகொண்டான்.

மேலாளர் தந்த தாளில் நான் கையொப்பமிடவில்லை. வேறொன்று எழுதினேன்: எஞ்சினில் குறையில்லை, அந்த உயரத்தில், அந்தச் சுமையோடு, பழைய அமைப்பில் ஓடினால் பெட்ரோல் கூடுதலாகவே செலவாகும், ஓட்டுநர் அதற்குக் காரணமல்லர். கடைசிச் சொற்களைப் பார்த்து மேலாளர், “இது நம் வேலையா?” என்று கேட்டார். “முதல் சொற்களை மட்டும் எழுதியிருந்தால், அவர்தான் காரணம் என்று நாம் சொன்னதாக ஆகியிருக்கும்” என்றேன். சற்று யோசித்து, அப்படியே அனுப்பச் சொன்னார். நீங்களும் ஒரு வரியை எழுதும்போது, அதைக் கையில் வாங்குபவர் அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விளைவும் உங்கள் கையொப்பத்துக்குள் அடங்கும்.

ஓராண்டுக்குப் பிறகு அந்த எஞ்சின் பராமரிப்புக்காகக் காலாங்குக்கு வந்தது. நானா வழக்கம்போல் அதை டிரம்மில் மாட்டி, தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் நின்றார். கைப்பிடியில் ஒரு துணி முடிச்சு இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தார். உள்ளே, எண்ணெய் தடவித் துடைத்த பித்தளை ஜெட்.

“என்ன தம்பி இது?”

சொன்னேன். நானா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“இந்த ஆளையா நாம பெட்ரோல் திருடன்னு சொன்னோம்? பட்டாணி அளவு பித்தளையக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கான் லா!”

ஜெட்டை மாற்றிப் பூட்டி, தேநீர் தீரும்வரை ஓட்டினார். எஞ்சின் இருமவில்லை. பிறகு மலை ஜெட்டை மீண்டும் பூட்டிவிட்டு, பழைய ஜெட்டை அந்தத் துணியிலேயே முடிந்தார். சாக்குக்கட்டியை எடுத்து மூடிக்கு அருகே கொண்டுபோனார். கோடு போடாமல் கையை இறக்கிக்கொண்டார்.

“ஏன் நானா?”

“இந்த மலை ஜெட்டோட இதை நான் ஓட்டிப் பாக்கலியே. பாக்காததுக்கு எப்படிக் கோடு போடுவேன்?”

முடிச்சை மறுபடி அவிழ்த்தார். சாக்குக்கட்டியைப் பாதியாக ஒடித்து, ஒரு பாதியை ஜெட்டோடு வைத்து, இறுக்கிக் கட்டினார்.

“அங்க அந்த ஆளு ஓட்டிப் பாத்துட்டு, அவரே போடட்டும்.”